ஆகஸ்ட் 15 அன்று கடை உண்டாம், கட்டாயம் போக வேண்டுமா?

பில்லிங் கவுண்டர், மதுரை

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் நாலு வருடமாக பில் போடுகிறேன், மாதச் சம்பளம் 13,500. சுதந்திர தின ஆஃபர் என்று பேனர் கட்டியாகிவிட்டது, யாரும் லீவு கேட்கக் கூடாது என்று சூப்பர்வைசர் காலை மீட்டிங்கிலேயே சொல்லிவிட்டார். போன வருடமும் இதே கதைதான். வாசலில் 9 மணிக்குக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள், 9.30க்கு ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள், ராத்திரி 10 மணி வரைக்கும் நின்றோம். அன்றைக்கு டபுள் சம்பளம் உண்டு என்று பேசிக்கொண்டார்கள், ஆனால் மாதக் கடைசியில் வழக்கமான சம்பளம்தான் வந்தது. ஒரு நோட்டில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

என் மகள் நாலாவது படிக்கிறாள். இந்த வருடம் பள்ளிக்கூடக் கொடியேற்றத்தில் டான்ஸ் ஆடுகிறாள். ஒரு வாரமாக வீட்டில் அதே பாட்டுதான், எனக்கே ஸ்டெப் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் நான் போய்ப் பார்க்க முடியாது.

என் கேள்வி இரண்டு. சட்டப்படி அன்றைக்குக் கட்டாயம் வரச் சொல்ல முடியுமா? அப்புறம், அரசு விடுமுறை நாளில் துணிக்கடை திறந்தே ஆக வேண்டுமா? ஒரு நாள் பூட்டினால் என்ன ஆகிவிடும்?

ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, கோவை

அம்மணி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். 31 வருடம் மில்லில் இருந்தேன், சங்க வேலையும் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1958ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, தேசிய மற்றும் பண்டிகை விடுமுறை நாட்கள் சட்டம். தொழிற்சாலைக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கடைக்கும் ஓட்டலுக்கும் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலும் கண்டிப்பான சம்பள விடுமுறை. அதோடு ஐந்து பண்டிகை நாட்கள். ஆக மொத்தம் வருடத்துக்கு 9.

வேலைக்குக் கூப்பிடவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, தொழிலாளர் ஆய்வாளருக்கும் தெரிவித்துவிட்டால் வரச் சொல்லலாம். அப்படி வந்தால் அன்றைக்கு இரட்டிப்புச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளமும் வேறொரு நாள் சம்பளத்தோடு மாற்று விடுமுறையும். இந்த இரண்டில் எது வேண்டும் என்று கேட்கிற உரிமை தொழிலாளிக்குத்தான், முதலாளிக்கு இல்லை. இதை நிறையப் பேர் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கணக்கில் ஒரு நாள் சம்பளம் 450. ஒன்பது நாளும் கூடுதல் எதுவும் இல்லாமல் வேலை வாங்கினால் வருடத்துக்கு 4,050 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகிறது. உங்கள் கடையில் எத்தனை பேர் என்று பெருக்கிப் பாருங்கள்.

அந்த நோட்டுக் கையெழுத்துதான் எனக்கு உறுத்துகிறது. விடுமுறை கொடுத்தோம், அல்லது டபுள் கொடுத்தோம் என்று அதில் எழுதி வைத்திருக்க வாய்ப்புண்டு. இந்த முறை படிக்காமல் போடாதீர்கள். படிக்க விடவில்லை என்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியும் "பணிக்கு வந்தேன்" என்ற இரண்டு வார்த்தையும் சேர்த்து எழுதுங்கள். கடை வாட்ஸ்அப் குரூப்பில் டூட்டி லிஸ்ட் போடுவார்கள் இல்லையா, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு வருடமும் இந்த நாலு நாளும் தொழிலாளர் துறை ஆட்கள் கடை கடையாக ஆய்வு போவார்கள், மறுநாள் பேப்பரில் இத்தனை கடை மேல் நடவடிக்கை என்று செய்தி வரும். உங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு மனு போனால் அந்த லிஸ்டில் உங்கள் கடையும் சேரும். ஆனால் ஒருத்தராகப் போகாதீர்கள், நாலைந்து பேராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

மளிகைக்கடை, விருதுநகர்

நான் மறுபக்கத்து ஆள், கோபப்படாமல் படியுங்கள். 2,000 பேர் வேலை பார்க்கிற மாடிக்கடையையும் என்னை மாதிரி மளிகைக்கடையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. நானும் என் மனைவியும் கல்லாவில், கூட இரண்டு பையன்கள். லீவு நாளில்தான் வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள், அன்றைக்குத்தான் பருப்பு எண்ணெய் அதிகம் போகும். நான் பூட்டினால் ஜனங்கள் வாங்காமல் இருக்கப் போவதில்லை, போனில் தட்டி பத்து நிமிடத்தில் வரவழைத்துக்கொள்வார்கள். அந்த டெலிவரி பையனுக்கு ஆகஸ்ட் 15ம் கிடையாது, தீபாவளியும் கிடையாது. அதை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. என் கடையில் ஒரு பையன் பீகார்க்காரன். மே 1 லீவு எடுத்துக்கோ என்றால் வேண்டாம் அண்ணா, சேர்த்து வையுங்கள், சத் பூஜைக்கு ஊருக்குப் போகும்போது 20 நாளாக எடுத்துக்கொள்கிறேன் என்பான். ரயிலிலேயே போக வர நாலைந்து நாள் போய்விடும் அவனுக்கு. ஒற்றை நாள் லீவை வைத்துக்கொண்டு அவன் ரூமில் என்ன செய்வான்? எல்லாருக்கும் ஒரே நாள் பூட்டு என்றால் அவனுக்கு அது நஷ்டம்.

ஆனால் டபுள் சம்பளம் கொடுக்காதது தப்புதான், அதில் மறுபேச்சு இல்லை. நான் கொடுக்கிறேன். வாரம் ஒரு நாள் லீவும் கொடுக்கிறேன்.

திசையன்விளை, இப்போது சென்னை

அக்கா, நான் தி.நகரில் ஏழு வருடம் புடவை செக்ஷனில் இருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் கையெல்லாம் படபடவென்று வந்துவிட்டது.

எங்களுக்குத் தீபாவளி என்றால் முந்தின நாள் ராத்திரி ஒரு மணி வரைக்கும் விற்பனை. அப்புறம் கலைந்து கிடக்கிற புடவையை எல்லாம் மடித்து அடுக்கி, ஹாஸ்டலுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு கோயம்பேடு ஓடுவோம். எல்லார் வீட்டிலும் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நேரத்தில் நாங்கள் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டிக்கொண்டிருப்போம். ஊருக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகியிருக்கும், எங்கம்மா பலகாரத்தை மூடி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். மறுநாளே திரும்பணும். என் தம்பிக்குப் பக்கத்தில் நின்று ஒரு வெடி கொளுத்தி ஏழு வருடம் ஆச்சு என்று அப்போது தோன்றவே இல்லை, வேலையை விட்ட பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

மாற்று விடுமுறை கொடுத்தார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு புதன்கிழமையில் வரும். புதன்கிழமை வீட்டில் யார் இருப்பார்கள்? ஹாஸ்டலில் துணி துவைத்துவிட்டுத் தூங்குவேன். லீவு என்பது வேலை செய்யாத நாள் மட்டும் இல்லையே, நம்ம ஆட்களும் வீட்டில் இருக்கிற நாள். பணம் டபுளாகத் தரலாம், அந்த நாளை எப்படித் தருவார்கள்?

விருதுநகர் அண்ணன் சொன்ன பீகார் பையன் விஷயம் சரிதான். அவனாகக் கேட்கிறான், அவர் சேர்த்து வைக்கிறார். எங்களை யாரும் கேட்கவில்லை, அதுதான் வித்தியாசம். நிற்கிற வேலையில் ஸ்டூல் போடச் சொல்லி 2021ல் சட்டம் வந்தது இல்லையா, அது வந்த பிறகும் எங்கள் மாடியில் ஸ்டூல் சுவர் ஓரமாகத்தான் இருந்தது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையே போதும். லீவுச் சட்டமும் அதே மாதிரிதான் என்று பயமாக இருக்கிறது.

வாங்குகிறவன் தரப்பு

ஐடி வேலை. எனக்கும் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது சனி ஞாயிறும் இந்த மாதிரி நாளும்தான், அன்றைக்குக் கடை பூட்டியிருந்தால் நாங்கள் எப்போது போவது என்று எழுத வந்தேன். மேலே திசையன்விளை அக்கா எழுதியதைப் படித்த பிறகு அதே வாக்கியத்தை எழுத மனம் வரவில்லை. நாங்கள் சேர்ந்து வெளியே போகிற நாளுக்காக இன்னொரு குடும்பம் சேர முடியாமல் போகிறது, இதை நான் யோசித்ததே இல்லை.

ஆனாலும் கேட்கிறேன், 2019லேயே பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகள் வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அரசே உத்தரவு போட்டுவிட்டதே? 2022ல் அதை நீட்டிக்கவும் செய்தார்கள். அப்படியிருக்க லீவு நாளில் திறக்காதே என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, கோவை

தம்பி, அந்த உத்தரவு கடைக்கு, ஆளுக்கு இல்லை. கடை 365 நாளும் திறந்திருக்கலாம், ஆள் 365 நாளும் நிற்கக் கூடாது. அதிலேயே நிபந்தனை இருக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் சுழற்சி முறையில் வார விடுமுறை, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வாரத்துக்கு 48, ஓவர்டைம் சேர்த்தாலும் ஒரு நாளைக்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. இன்றைக்கு யார் யார் லீவு என்று தினமும் கடையில் எழுதி ஒட்டணும். நீங்கள் போகிற கடையில் அந்தப் போர்டைப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை தேடிப் பாருங்கள். மதுரை அம்மணி காலை 9.30லிருந்து ராத்திரி 10 வரை நின்றது எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள், சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் கணக்கு இடிக்கும்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மே 5 வணிகர் தினம் என்று சங்கம் சொன்னால் அன்றைக்கு ஊரே கடையைப் பூட்டிவிட்டு மாநாட்டுக்குப் போகிறது. ஜனங்கள் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், யாரும் பட்டினி கிடக்கவில்லை. நாலு நாளுக்கு முன்னால் மே 1 அன்றைக்கு மட்டும் வியாபாரம் போய்விடும் என்பது எனக்குப் புரியவில்லை. இந்தியாவிலேயே முதல் மே தினம் 1923ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொடியேற்றி நடத்தியது. அன்றைக்கே அவர் கேட்டது மே 1ஐ விடுமுறை ஆக்கு என்பதுதான். நூறு வருடம் தாண்டியும் அவர் ஊரிலேயே ஒரு சேல்ஸ் பிள்ளை அன்றைக்கு நின்றுகொண்டிருக்கிறது.

மளிகைக்கடை, விருதுநகர்

மே 5 விஷயம் நியாயமான கேள்வி, பதில் இல்லை என்னிடம். எல்லாரும் சேர்ந்து பூட்டினால் யாருக்கும் நஷ்டம் இல்லை, தனியாகப் பூட்டினால்தான் பயம். பஜாரில் இருக்கிற நாலு பெரிய கடை முதலில் பூட்டட்டும், நாங்கள் தானாகப் பூட்டுவோம். பால், மருந்து, பெட்ரோல் இருக்கட்டும், அது இல்லாமல் முடியாது. புடவை ஒரு நாள் காத்திருக்கும். மளிகையை அரை நாள் ஆக்கலாம், மத்தியானத்துக்கு மேல் எனக்கும் வேலை இல்லை. எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுகிறேன்.

பில்லிங் கவுண்டர், மதுரை

எல்லாருக்கும் நன்றி. கோவை ஐயா சொன்ன மாதிரி பில்லிங்கில் ஆறு பேர், தரைத்தளத்தில் ஐந்து பேர், பதினொரு பேர் சேர்ந்து மேனேஜரிடம் போனோம். மனு என்று எழுதிக்கொண்டு போகவில்லை, வாயால்தான் கேட்டோம். எனக்குக் குரல் நடுங்கியது. 1958 சட்டம் என்று சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் இந்த முறை டபுள் சம்பளம் போடுகிறோம், நோட்டீஸும் ஒட்டுகிறோம் என்றார். லீவு மட்டும் யாருக்கும் கிடையாதாம். போன வருடத்துப் பணத்தைப் பற்றிக் கேட்டோம், முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

கொடியேற்றம் 8.30க்கு, டான்ஸ் எப்படியும் 10 மணி ஆகிவிடும். 11 மணிக்கு வருகிறேன் என்று பெர்மிஷன் கேட்டிருக்கிறேன். பக்கத்து கவுண்டர் அக்கா அதுவரைக்கும் என் கவுண்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அவருக்கும் ஆறாவது படிக்கிற பையன் இருக்கிறான், அவன் பள்ளிக்கூடத்திலும் அன்றைக்குத்தான் கொடியேற்றம்.

ஐயா, அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பார்களா? பிடித்தால் பிடிக்கட்டும், நான் போகத்தான் போகிறேன். ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளணும்.

ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, கோவை

அது உங்கள் விடுமுறை நாள் அம்மணி, வேலை பார்க்காவிட்டாலும் அன்றைக்கு ஒரு நாள் சம்பளம் உங்களுக்கு உண்டு. லேட்டாக வந்தீர்கள் என்று அந்த ஒரு நாளில் கை வைக்க முடியாது, வேலை பார்த்ததற்கான கூடுதலில்தான் ஏதாவது பேசுவார்கள். பிடித்தால் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இங்கே எழுதுங்கள், மனுவை நானே எழுதித் தருகிறேன். போய் டான்ஸைப் பாருங்கள்.