மறுமொழி: ‘புரொவெனன்ஸ்’ – தோற்றுவாயா, உரிமைத் தொடரா, கைவழியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கலைப்பொருள் உண்டான நாள் முதல் யார் யாரிடம் இருந்து வந்தது என்ற வரலாற்றை ஆங்கிலத்தில் ‘புரொவெனன்ஸ்’ (provenance) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற இந்த இழையை இரண்டு கிழமையாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘தோற்றுவாய்’ முன்னுக்கு நிற்கிறது, ‘மூலம்’ பின்னால் வருகிறது, ‘உடைமை வரலாறு’, ‘உரிமைத் தொடர்’ என்று இன்னும் இரண்டு. கையை உயர்த்தி எண்ணுவதற்கு முதல் ஒரு கதை சொல்ல விடுங்கோ.

நான் ஓவியன் இல்லை. நொத்தாரிசு ஒருவரிடம் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதிப் பழகியவன். அந்தப் பழக்கத்தைக் காரணம் காட்டி, எங்கள் ஊரில் நடந்த ஓவியக் காட்சிக்கு இரவல் வாங்கும் படங்களுக்கான படிவத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்போது ஓர் அம்மா பழைய சாரத் துணியில் சுற்றிய படம் ஒன்றோடு வந்தா. நீர்வண்ணம், வெயில் சாய்ந்த நேரத்துப் பனங்கூடல். நான் படத்தைவிட அதன் முதுகைத்தான் நெடுநேரம் பார்த்தேன். மட்டையில் பென்சிலால் ‘ரூ. 75’. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ‘சின்னண்ணைக்கு’. மூலையில் சட்டம் போட்ட கடையின் ஒட்டுத்தாள், பாதி கிழிந்தது. ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே வீடு வாசலை விட்டு வெளிக்கிட்டபோது இந்தப் படமும் வெளிக்கிட்டது. நாவற்குழியில் நெரிசலுக்குள் கண்ணாடி உடைந்தது. பிறகு தென்மராட்சியில் ஒரு வீட்டு அடுப்படிப் பரணில் ஆறு மாதம். வானம் இருந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு புகை மஞ்சள் இருக்கிறது. அது கீறியவர் பூசிய மஞ்சள் இல்லை.

காட்சி முடிந்த கையோடு கொழும்பிலிருந்து வந்த ஒரு வியாபாரி, “இதுக்குப் புரொவெனன்ஸ் இருக்கா அம்மா?” என்று கேட்டார். அம்மா ஏதோ ஆளின் பேர் என்று நினைத்துவிட்டா. “அவர் செத்துப் பத்து வருசம் தம்பி” என்றா. பேப்பர் இல்லையென்றால் அரை விலைதான் என்று அவர் சொல்ல, அம்மா படத்தைத் திரும்பச் சாரத்தில் சுற்றினா. ஆர் கீறினது, ஆர் வாங்கினது, ஆருக்குக் கொடுத்தது, எந்த வீட்டில் இருந்தது, எல்லாம் அவவின் வாயில் இருந்தது. அவர் கேட்டதும் அதைத்தான். ஆனால் கேட்டது என்னவென்று அவவுக்கு விளங்கவில்லை. அந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்டிருக்கலாம் என்பதுதான் எனக்கு இந்த இழையின் அலுவல்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

‘தோற்றுவாய்’, ‘மூலம்’ இரண்டும் பிறந்த இடத்தைச் சொல்கின்றன. வியாபாரி கேட்டது பிறப்பை இல்லை, பிறந்த பிறகு போன இடங்களை. 2023இல் நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பித் தந்த ஆறு பொருள்களில் கண்டிப் பிரதானி லெவ்கே திசாவையின் பீரங்கியும் ஒன்று. அதன் தோற்றுவாய் எது என்றால் கண்டி இராச்சியம், அவ்வளவுதான். அதை மீட்டுத் தந்த செய்தி வேறு: 1765இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது அது அவர்கள் கைக்குப் போனது. இந்தக் கைமாற்றத்தை ‘மூலம்’ என்ற சொல்லுக்குள் எந்தப் பக்கத்தால் நுழைப்பது? மண்ணிலிருந்து எடுத்த இடத்தைத் தொல்லியலாளர் தனியாகக் குறிப்பார்கள். அவர்களுக்குக் ‘கண்டெடுத்த இடம்’ போதும், அதை இதோடு கலக்க வேண்டாம்.

‘உரிமைத் தொடர்’ இன்னும் ஆபத்து. உறுதி எழுதுகிறவனுக்கு ‘உரிமை’ என்றால் சும்மா ஒரு சொல் இல்லை, அது ஒரு தீர்ப்பு. ஒரு பொருள் யார் யார் கையில் இருந்தது என்பது ஒன்று. அவர்களுக்கு அது உரித்தா என்பது வேறு. ஸ்ரீபுரந்தான் நடராசரை எடுத்துக்கொள்ளுங்கள். அரியலூர்ப் பக்கக் கோயிலில் களவு போய், நியூயோர்க் வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக 2008இல் அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்கு 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைப்பட்டார். கூடவே வந்த கடதாசிகள், சிலை 1970களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டுப் போனதாகச் சொல்லின. அத்தனையும் போலி. சிலை கோயிலில் இருந்த காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்து வைத்திருந்த படம் அதைக் காட்டிக்கொடுத்தது. 2014இல் சிலை திரும்பி வந்தது. அந்தப் போலிக் கடதாசிக்கும் வியாபார உலகில் பேர் புரொவெனன்ஸ்தான். அதை நாங்கள் ‘உரிமைத் தொடர்’ என்று எழுதினால், களவாணி எழுதிய கதைக்கு நாங்களே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி. எங்களுக்கு வேண்டியது பொய்யாகவும் இருக்கக்கூடிய ஒரு சொல்.

‘உடைமை வரலாறு’ பரவாயில்லை. ஆனால் உடைமை என்பது வைத்திருப்பதையும் குறிக்கும், சொந்தத்தையும் குறிக்கும். பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் இந்தச் சொல் இரண்டையும் குழைத்துவிடுகிறது. அதோடு நீளம். ‘உடைமை வரலாற்று இடைவெளி’ என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ.

என் முன்மொழிவு: கைவழி.

எங்கள் உறுதிகளில் ‘வழி’ ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிற சொல். முதுசவழி (முன்னோர் சொத்தாய் வந்தது), சீதனவழி, தாய்வழி. காணி எப்படி வந்தது என்று கேட்டால் தேசவழமைக்குள், எங்கள் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டத்துக்குள், வளர்ந்த கிழவர்கூட ‘முதுசவழியாய் வந்தது’ என்பார். ஒல்லாந்தர் தோம்பில் (காணிப் பதிவேட்டில்) பதிந்த காலத்திலிருந்து எங்கள் ஆட்களுக்குக் காணி வந்த வழி சொல்லிப் பழக்கம். படத்துக்கும் சிலைக்கும் அதே ‘வழி’யை வைத்து, முன்னால் ‘கை’யைச் சேர்க்கிறேன். கை யாருடையதும் ஆகலாம். கீறியவர், வாங்கியவர், இரவல் பெற்றவர், திருடியவர். சொல் யாரையும் குற்றம் சாட்டாது, யாருக்கும் உரித்தும் கொடுக்காது.

கைவழிப் பத்திரம், கைவழி ஆய்வு, கைவழி இடைவெளி, போலிக் கைவழி. எல்லாம் வாயில் நிற்கின்றன. நாசிகள் பறித்த கலைப்பொருள்களைப் பற்றிய 1998இன் வாஷிங்டன் கோட்பாடுகளை எழுதும்போது, ‘1933க்கும் 1945க்கும் இடையில் இப்படத்தின் கைவழியில் இடைவெளி உண்டு’ என்று எழுதலாம். ‘உன்ரை படத்துக்குக் கைவழி தெரியுமோ?’ என்று அந்த அம்மாவிடமும் கேட்கலாம்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து

---

ஐயா, வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் மடல் பிடித்தது, சொல்லும் பிடித்தது, ஆனால் சின்ன சிக்கல். ‘கைவழி’ புதுச்சொல் அல்ல. புறநானூறு 149ஆம் பாட்டில் வன்பரணர் ‘கைவழி மருங்கிற் செவ்வழி பண்ணி’ என்கிறார். அங்கே கைவழி என்றால் யாழ்! யாழ்ப்பாணத்துக்காரரே யாழின் பெயரைத் தூக்கி ஏலக்கடையில் வைப்பது நியாயமா?

இரண்டாவது, எங்கள் பக்கம் வீடு, மனை வாங்குகிறவர்களுக்குத் ‘தாய்ப்பத்திரம்’, ‘மூலப்பத்திரம்’ என்றால் சட்டென்று புரியும். சொத்து வந்த கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதனால்தான் ‘மூலம்’ என்றேன். பிறந்த இடம் என்ற பொருளில் அல்ல.

மூன்றாவது, ஆவணக்காப்பகக்காரர்களுக்கு இதே ஆங்கிலச் சொல் வேறு. ஒரு கோப்பை உருவாக்கிய அலுவலகத்தை அது குறிக்கும்; அந்தத் தொகுப்பை வேறொன்றோடு கலக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. அங்கே ‘கைவழி’ பொருந்தாதே?

‘கை’ பற்றி நீங்கள் சொன்னதற்கு மட்டும் ஒரு சாட்சி தருகிறேன். சிவபுரம் நடராசரைச் செப்பனிடக் கொடுத்தார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்தது படி, அசல் வெளியே போய்விட்டது. 1973இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் வாங்கினார், 1986இல்தான் திரும்பியது. இதில் முதல் ‘கை’ உடைமையாளரும் இல்லை, திருடனாக வந்தவரும் இல்லை, செப்பனிட வாங்கிய கை. ‘உடைமை வரலாறு’ என்றால் இந்தக் கை அதற்குள் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

தம்பி,

நல்லாய்ப் பிடித்தீர். யாழ் விஷயத்தில் எனக்கு வெட்கம்தான். ஊர்ப் பேருக்குள்ளேயே யாழை வைத்துக்கொண்டு பாட்டை மறந்துவிட்டேன். ஆனால் அந்தப் பொருளில் இன்று யாரும் கைவழி மீட்டுவதில்லை. வண்டி ஒன்று இரண்டாயிரம் வருசமாய்ச் சும்மா நின்றால் அதில் சுமை ஏற்றலாம். ஏறாவிட்டால் இறக்குவோம்.

தாய்ப்பத்திரம் அருமையான சொல். அது எங்களிடம் புழக்கத்தில் இல்லை, நாங்கள் ‘பழைய உறுதி’ என்போம். ஆனால் பாருங்கோ, அது காணிக்குச் சரி. காணி எழுந்து நடக்காது. யாரும் அதை இரவோடு இரவாகச் சாக்கில் கட்டி மும்பைக்குக் கொண்டுபோக ஏலாது. காணியின் கதை கடதாசியில் இருக்கும். படத்தின் கதை அதன் முதுகிலும், பரணிலும், ஓர் அம்மாவின் வாயிலும் இருக்கும். தாய்ப்பத்திரம் ஒரு பொருள். எனக்கு வேண்டியது பத்திரம் இல்லாத இடத்திலும் நிற்கக்கூடிய சொல்.

ஆவணக்காப்பகத்துக்கு வேறு சொல் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது என்பதற்காக நாங்களும் அப்படியே செய்யத் தேவையில்லை. அங்கே ‘ஆக்க அலுவலகம்’ மாதிரி ஏதாவது. அதை நூலகக்காரர் சொல்லட்டும்.

சட்டப் பக்கம் ஒன்று சேர்க்க வேண்டும். இங்கே 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டத்துக்கு 1815 மார்ச் 2 ஓர் எல்லைக்கோடு. அதற்கு முந்திய பொருளை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோக ஏலாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் கலாசாரச் சொத்தை விற்கிறவருக்கு உரிமப்பத்திரம் கேட்கிறது. ஆக, கைவழியில் கடைசிக் கை மட்டும் தெரிந்து போதாது. பொருள் எந்தத் திகதியில் எந்த நாட்டில் இருந்தது என்பதும் வேண்டும். ஒவ்வொரு கைக்கும் திகதியும் இடமும் எழுத ஒரு நிரல் வைக்கவேண்டும். ஸ்ரீபுரந்தான் போலிக் கடதாசி முழுக்கத் திகதி விளையாட்டுத்தானே.

படிவத்தைத் திருத்திவிட்டேன். நிரல்கள் இப்படி: கை, எப்படி வந்தது (விலை, நன்கொடை, முதுசம், இரவல், தெரியாது), திகதி, இடம், எதைக் கொண்டு சொல்கிறீர்கள். கடைசி நிரலில் ‘வாய்ச்சொல்’ என்று எழுதவும் இடம் விட்டிருக்கிறேன். ஆனால் சொன்னவர் கையெழுத்து வைக்கவேண்டும்.

போன சனிக்கிழமை அந்த அம்மா வீட்டுக்குப் போய் நிரப்பினேன். ஐந்து கை வந்தது. மூன்றாவது கைக்கு, அந்த அடுப்படிப் பரண் வீட்டுக்காரருக்கு, ‘இரவல்’ என்று போடுவதா ‘அடைக்கலம்’ என்று போடுவதா என்று நான் யோசிக்க, “அடைக்கலம் எண்டு போடு தம்பி” என்றா. அடைப்புக்குறிக்குள் இருந்த பட்டியலில் அந்தச் சொல் இல்லை. சேர்த்திருக்கிறேன். சட்டத்தில் அதற்கு என்ன பேர் என்று உங்கள் பக்கத்து வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டு எழுதுங்கோ. அடுத்த இழையை அதிலிருந்து தொடங்கலாம்.