டேப்லெட்டில் பவர் பட்டனை அழுத்தினால் திரை மட்டும் அணைகிறது, கருவி உறங்குவதில்லை

கேள்வி

வணக்கம். விண்டோஸ் 11 இயங்கும் டேப்லெட் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். கழற்றி மாட்டக்கூடிய விசைப்பலகை உறையும் அதனுடன் உண்டு. பக்கவாட்டிலுள்ள பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் திரை அணைந்துவிடுகிறது. ஆனால் பைக்குள் வைத்துச் சில மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் கருவியின் பின்புறம் சூடாக இருக்கிறது, பேட்டரியும் பெருமளவு இறங்கியிருக்கிறது.

பட்டனை அழுத்தினால் ஹைபர்னேட் (திறந்திருப்பதை வட்டில் சேமித்துவிட்டு முழுதும் அணைதல்) ஆகும்படி வைத்துவிடலாம் என்று எண்ணி, கன்ட்ரோல் பேனலில் பவர் பட்டனுக்குரிய பக்கத்தைத் திறந்தேன். அங்கே எதுவும் செய்யாதிருத்தல், ஸ்லீப், ஷட் டவுன், திரையை அணைத்தல் ஆகிய தெரிவுகள் இருந்தன, ஹைபர்னேட் இல்லை. தற்காலிகமாக ஷட் டவுன் என்று மாற்றி வைத்தேன். சில வேளைகளில் பட்டன் அதன்படி நடக்கிறது, வேறு சில வேளைகளில் பழையபடி திரையை மட்டும் அணைக்கிறது. இவற்றுக்கிடையே எப்போதாவது கருவி விழிக்கவே மறுக்கிறது. பட்டனை நெடுநேரம் அழுத்திப் பிடித்த பின்னரே மீண்டும் தொடங்குகிறது.

பட்டன் பழுதாகியிருக்குமா? ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) ஒரு மதிப்பைச் சேர்த்தால் பழைய முறை உறக்கம் திரும்பிவிடும் என்றும் ஓரிடத்தில் படித்தேன். அதைச் செய்யலாமா?

மறுமொழி 1

பட்டன் சில வேளைகளில் சரியாக வேலை செய்கிறது என்பதால் அதைச் சந்தேகிப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன: பட்டனுக்கு என்ன கட்டளை தரப்பட்டிருக்கிறது, உங்கள் கருவியில் ஸ்லீப் என்பது உண்மையில் எதைச் செய்கிறது, விழிக்கும்போது எது தடுக்கிறது. இரண்டாவதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன், ஏனெனில் பட்டனுக்குரிய பக்கத்தில் எதை மாற்றினாலும் சூட்டின் காரணம் அங்கே தெரியப்போவதில்லை.

பழைய மடிக்கணினிகளில் இருந்த எஸ்3 என்னும் உறக்கத்தில் செயலி (பிராசசர்) முற்றிலும் நின்றுவிடும், ரேமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். இன்றைய டேப்லெட்களில் பெரும்பாலும் இருப்பது மாடர்ன் ஸ்டாண்ட்பை. 2012இல் விண்டோஸ் 8உடன் கனெக்டட் ஸ்டாண்ட்பை என்ற பெயரில் வந்து, விண்டோஸ் 10இல் விரிவாக்கப்பட்ட ஏற்பாடு இது. இதில் கணினி நிற்பதில்லை. கைபேசியைப் போலத் திரையை அணைத்துவிட்டு மிகக் குறைந்த மின்சாரத்தில் விழிப்பும் உறக்கமுமாகக் காலம் கழிக்கிறது. ஆகவே பட்டனை அழுத்தியதும் திரை மட்டும் அணைவது போலத் தோன்றுவது இயல்பே. திரை அணைந்த பிறகு வன்பொருளும் அடங்கியதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதைக் காட்டும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. கமாண்ட் பிராம்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்னும் கட்டளையை அடித்து, ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடும் ஏ என்னும் எழுத்தும் சேர்த்தால், உங்கள் கருவி எந்தெந்த உறக்க நிலைகளை ஏற்கிறது என்ற பட்டியல் வரும். அதே கட்டளையில் ஏ இருந்த இடத்தில் ஸ்லீப்ஸ்டடி என்று அடித்தால், அண்மை நாட்களில் நடந்த ஒவ்வொரு உறக்கத்தையும் விவரிக்கும் அறிக்கை, பிரவுசரில் திறக்கக்கூடிய கோப்பாக உருவாகும். ஒவ்வொரு உறக்கத்துக்கும் மென்பொருள் எத்தனை விழுக்காடு நேரம் அடங்கியிருந்தது, வன்பொருள் எத்தனை விழுக்காடு நேரம் ஆழ்ந்த நிலையில் இருந்தது என்ற இரு எண்கள் அதில் இருக்கும். இரண்டும் 90க்கு மேல் இருந்தால் கவலையில்லை. மென்பொருள் எண் உயர்ந்தும் வன்பொருள் எண் சுழியத்தை ஒட்டியும் இருந்தால், ஏதோ ஒரு சாதனமோ அதை இயக்கும் மென்பொருளான டிரைவரோ உறங்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். இரண்டுமே தாழ்ந்திருந்தால் பின்னணியில் ஓடும் ஒரு நிரலையோ சேவையையோ தேட வேண்டும். விழிப்பிலேயே வைத்திருந்தவை எவை என்பதையும் அறிக்கை வரிசைப்படுத்திக் காட்டும். அந்தப் பெயர்களை இங்கே எழுதுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். பட்டனின் நிலையற்ற நடத்தைக்கு இரண்டு காரணங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

பவர் பட்டனுக்கான பக்கத்தில் பேட்டரியில் இயங்கும்போது ஒன்று, மின்இணைப்பில் இருக்கும்போது ஒன்று என இரு தெரிவுகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிட்டால், சார்ஜர் செருகியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரே பட்டன் இருவிதமாக நடக்கும். அதைவிட எளிதில் கண்ணில் படாத காரணம் பவர் பிளான், அதாவது மின்பயன்பாட்டு அமைப்புகளின் தொகுப்பு: அந்தப் பக்கத்தில் செய்யும் மாற்றம் எல்லாப் பிளான்களுக்கும் பொருந்தும், ஆனால் ஒரு பிளானின் மேம்பட்ட அமைப்புகளில் செய்யும் மாற்றம் அந்தப் பிளானுக்கு மட்டுமே. தயாரிப்பாளர் சேர்த்து அனுப்பும் மென்பொருள் ஏதேனும் அமைதி முறை, வேக முறை என்று தானாகவே பிளானை மாற்றிக்கொண்டிருந்தால், மேம்பட்ட அமைப்புகளில் நீங்கள் மாற்றிய தெரிவு அந்தப் பிளானிலேயே நின்றுவிடும். அமைப்பு அழிந்துபோனது போல அது தோன்றும்; உண்மையில் நீங்கள் வேறொரு பிளானில் இருப்பீர்கள்.

ஹைபர்னேட் பட்டியலில் இல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் அது அணைத்து வைக்கப்பட்டிருப்பதே. நிர்வாகி உரிமையுடன் திறந்த அதே கமாண்ட் பிராம்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு சாய்கோடிட்டு ஹைபர்னேட் ஆன் என்று கொடுத்தால், பட்டனின் தெரிவுகளில் அது தோன்றிவிடும். ஸ்டார்ட் மெனுவிலும் வேண்டுமென்றால், பவர் பட்டன் பக்கத்தின் மேற்பகுதியில், தற்போது மாற்ற இயலாத அமைப்புகளைத் திறக்கும் இணைப்பைச் சொடுக்கிய பின் கீழே குறியிட வேண்டும். ரேமில் உள்ளதைச் சேமிக்க வட்டில் கணிசமான இடத்தை அது ஒதுக்கிக்கொள்ளும் என்பதால், சேமிப்பிடம் குறைந்த டேப்லெட்டில் முதலில் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. முதல் கட்டளையில் எஸ்3 கிடைக்காது என்றும் எஸ்0 குறைமின் நிலை (மாடர்ன் ஸ்டாண்ட்பை) கிடைக்கும் என்றும் வந்தது. அறிக்கையில் மென்பொருள் எண் 97, வன்பொருள் எண் 2. விழிப்பில் வைத்திருந்தவற்றில் யூஎஸ்பி கன்ட்ரோலர் முதலிடத்தில் இருக்கிறது. கம்பியில்லா மவுசுக்கான சிறிய ரிசீவரை நான் எப்போதும் செருகியே வைத்திருப்பேன். அதைக் கழற்றிவிட்டு இரவு வைத்துப் பார்த்ததில் வன்பொருள் எண் 94க்கு ஏறியது, கருவியும் சூடாகவில்லை. ஹைபர்னேட்டும் பட்டியலில் வந்துவிட்டது. இரு தெரிவுகளையும் அதற்கே மாற்றினேன்.

விழிக்க மறுப்பது பற்றித்தான் இன்னும் தெளிவில்லை. ரெஜிஸ்ட்ரி மாற்றம் அதற்கு உதவுமா?

மறுமொழி 1

ரிசீவர்தான் குற்றவாளி என்பது ஏறத்தாழ உறுதியாகிவிட்டது. அதைப் பையில் தனியாக வைப்பதே எளிய வழி. அல்லது மவுசைப் புளூடூத் வழியாக இணைக்க முடியுமா என்று பாருங்கள்.

விழிக்க மறுப்பதற்கு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில், மின்சாரம் தொடர்பான கெர்னல்-பவர் பதிவுகளைப் பாருங்கள். 506 என்ற எண் கருவி ஸ்டாண்ட்பைக்குள் நுழைந்ததையும், 507 அதிலிருந்து வெளிவந்ததையும் குறிக்கும்; இரண்டிலும் காரணமும் எழுதப்பட்டிருக்கும். 506க்குப் பின் 507 வராமல், கருவி மீண்டும் தொடங்கியபோது 41 என்ற எண் மட்டும் பதிவாகியிருந்தால், உறக்கத்துக்குள்ளேயே கணினி உறைந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்படியானால் பயாஸ் (கருவியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), கிராஃபிக்ஸ் டிரைவர் ஆகியவற்றின் புதிய பதிப்புகளை நிறுவுவதுதான் வழி. 506க்கு முன்பும் பின்பும் எல்லாம் ஒழுங்காக இருந்தால், ஒருவேளை பேட்டரி தீர்ந்து கருவி தானாகவே ஹைபர்னேட் ஆகியிருக்கக்கூடும். அந்த நிலையில் விசைப்பலகையைத் தட்டினால் விழிக்காது, பவர் பட்டனைத்தான் அழுத்த வேண்டும். திரும்பி வரவும் சற்று நேரம் பிடிக்கும். வரவில்லையே என்று பொறுமையிழந்து இரண்டாம் முறை அழுத்தினால், அந்த அழுத்தம் விழித்த கணினியை மீண்டும் உறங்க அனுப்பிவிடலாம். பலரும் பட்டன் பழுது என்று முடிவுகட்டும் இடம் இதுதான்.

அழுத்திப் பிடிப்பதையும் கவனமாகச் செய்யுங்கள். சில விநாடிகள் பிடித்தால் கணினியை அணைக்கத் திரையைக் கீழே இழுக்கச் சொல்லும் படம் பல டேப்லெட்களில் தோன்றும். அதைத் தாண்டியும் பிடித்துக்கொண்டிருந்தால் மின்சாரம் வலிந்து துண்டிக்கப்படும், சேமிக்காத வேலை போய்விடும். கட்டாய அணைப்புக்கு, மின் மேலாண்மைக்கான ஏசிபிஐ விதிமுறை 4 விநாடிகளுக்கு மேற்பட்ட அழுத்தம் என்று வரையறுக்கிறது; டேப்லெட்களில் பெரும்பாலும் அதைவிட நெடுநேரம் பிடிக்க வேண்டியிருக்கும். பட்டனுக்கான அமைப்புப் பக்கத்துக்கும் இந்த நீண்ட அழுத்தத்துக்கும் தொடர்பில்லை. குறுகிய அழுத்தத்துக்கு எந்தத் தெரிவை வைத்தாலும் இது அப்படியே இருக்கும்.

மறுமொழி 3

ரெஜிஸ்ட்ரி பற்றி யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்: உங்கள் கருவியில் அதைச் செய்ய வேண்டாம். மாடர்ன் ஸ்டாண்ட்பையை அணைக்க முன்பு பரவலாகச் சொல்லப்பட்ட சிஎஸ்எனேபில்டு என்னும் மதிப்பு, விண்டோஸ் 10இன் 2004 பதிப்பிலிருந்து பயன்படுவதில்லை. அதற்குப் பதிலாக இப்போது சுற்றிவரும் வேறொரு மதிப்பு மாடர்ன் ஸ்டாண்ட்பையை அணைக்கத்தான் செய்யும். ஆனால் எஸ்3 இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது ஃபர்ம்வேர், அதாவது பயாஸ். உங்கள் பட்டியலில் எஸ்3 கிடைக்காது என்று வந்திருப்பதால், அந்த மாற்றத்துக்குப் பின் ஸ்லீப் என்ற தெரிவே மறைந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

பட்டனை முழுக்க ஹைபர்னேட்டுக்கு மாற்றியதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து நிமிடம் கீழே வைப்பதற்குக்கூட ஒவ்வொரு முறையும் ரேமை வட்டில் எழுதி, திரும்ப எடுப்பது அலுப்பைத் தரும். சூட்டுக்கான காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்ட நிலையில் பட்டனை ஸ்லீப்புக்கே திருப்பிவிட்டு, உறையை மூடினால் ஹைபர்னேட் என்று வையுங்கள். பைக்குள் போகும்போது எப்படியும் உறையை மூடத்தானே போகிறீர்கள். உறை மூடியதைக் கருவி காந்தத்தைக் கொண்டு அறிகிறது. ஆகவே காந்தம் உள்ள வேறு பொருள்களை டேப்லெட்டின் விளிம்புக்கு அருகே வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.