1918இல் இறக்காத பாட்டி: ஓர் அனுபவப் பகிர்வு

டல்சா, ஓக்லஹோமாவிலிருந்து:

மனநலக் காப்பகங்களில் அடைக்கப்பட்டு, பின்னர் குடும்பத்தின் பேச்சிலிருந்தும் மறைந்துபோன முன்னோர்களைத் தேடியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு இங்கே கேட்கப்பட்டிருந்தது. நான் எழுதப்போவது என் சொந்தப் பாட்டியைப் பற்றி அன்று. என் மாமியாருடைய தாயைப் பெற்றவரைப் பற்றி. நான் மதுரையில் பிறந்து, திருமணமாகி 19 ஆண்டுகளுக்கு முன்பு ஓக்லஹோமாவுக்கு வந்தவள். என் கணவரின் தாய்வழி, அமெரிக்கப் பூர்வகுடி இனமான செரோக்கி. "எங்கள் கொள்ளுப்பாட்டி செரோக்கி" என்று சொல்லிக்கொள்வது அமெரிக்காவில் பல குடும்பங்களின் வழக்கம். கேட்டால் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. என் மாமியார் குடும்பத்தில் காகிதம் இருந்தது. பாட்டியைப் பற்றிய செய்தியில்தான் உண்மை இல்லை.

1918ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய ஃப்ளூ காய்ச்சலில் பாட்டி இறந்துவிட்டார் என்றே மாமியாரின் தாய்க்குச் சொல்லி வளர்த்தார்கள். அப்போது அந்தக் குழந்தைக்கு ஆறு வயது. கல்லறை எங்கே என்று யாரும் கேட்கவில்லை; அந்த ஆண்டில் அவசரமாகப் புதைக்கப்பட்டவர்கள் ஏராளம் என்பதால் கேட்கத் தோன்றவும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கணவரின் சித்தப்பா மகன் குடும்ப வரலாறு தேடும்போது 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே பெயரும் அதே வயதும் உடைய பெண் ஒருவரைக் கண்டார். அந்தப் பக்கம் முழுவதும் ஒரு மாநில மனநல மருத்துவமனையில் இருந்தவர்களின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் குடும்பத் தலைவருடனான உறவை எழுதவேண்டிய கட்டத்தில் "நோயாளி" என்ற ஒரே சொல் வரிசையாக இறங்கிக்கொண்டே போனது. 1935 ஏப்ரல் 1 அன்று எங்கே வசித்தார் என்ற கேள்விக்கு "அதே இடம்" என்று எழுதியிருந்தார்கள். மாமியார் அந்த வரியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. தம் தாய்க்குத் திருமணம் நடந்த நாளில் பாட்டி உயிரோடு, காரில் போனால் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்திருக்கிறார் என்பதை மட்டும் பிறகு சொன்னார்.

மருத்துவமனையிலிருந்தே தேடலைத் தொடங்கியது எங்கள் தவறு என்று இப்போது நினைக்கிறேன். ஓக்லஹோமாவில் 1895 முதல் நார்மனில் ஒரு காப்பகம் இருந்தது. 1908இல் பழைய படைத்தளமான ஃபோர்ட் சப்ளையிலும், 1913இல் செரோக்கி நிலப்பரப்புக்குள் இருக்கும் வினிட்டாவிலும் மாநில மருத்துவமனைகள் தொடங்கப்பட்டன. பாட்டி எந்த மருத்துவமனையில் இருந்தார் என்று நான் குறிப்பிடவில்லை. இன்று அங்கே பணிபுரிகிறவர்கள் இதற்குப் பொறுப்பல்லர். நோயாளியின் பதிவேட்டைத் தர நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று மூன்று முறை ஒரே வாசகத்தில் பதில் வந்தது. இறந்து 80 ஆண்டுகள் ஆன ஒருவருக்காகவா என்று கேட்டேன். அதற்கும் அதே பதில்தான். எட்டு மாதங்கள் இப்படியே போயின.

வழி காட்டியவர், ஓக்லஹோமாவில் செரோக்கிகளின் தலைநகரான டாலக்வாவில் வம்சாவளி ஆய்வு செய்யும் ஒரு மூத்த செரோக்கிப் பெண்மணி. "காப்பகத்தில் அவரைத் தேடாதீர்கள், அவருடைய நிலத்தைத் தேடுங்கள்" என்றார். அந்தச் சொல்லின் பொருள் விளங்க எனக்குச் சிறிது காலம் பிடித்தது.

செரோக்கி மக்கள் 1838-39இல் தென்கிழக்கிலிருந்து கட்டாயமாக வெளியேற்றப்பட்டு, ஆயிரக்கணக்கானோரை வழியிலும் முகாம்களிலும் பறிகொடுத்து, இந்தப் பகுதிக்கு வந்தவர்கள். இங்கே நிலம் இனத்துக்குப் பொதுவாக இருந்தது. அதைத் துண்டு போட்டு ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுப்பதற்காக மத்திய அரசு அமைத்த டாவ்ஸ் ஆணையம் 1898 முதல் பெயர்ப்பட்டியல் எடுத்தது. பிரிவினையை ஏற்காத ரெட்பேர்ட் ஸ்மித் போன்ற தலைவர்களைச் சிறையில் வைத்துக்கூடப் பதிவு செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் சராசரி மதிப்புள்ள 110 ஏக்கர் நிலத்துக்கு ஈடான பங்கு. அதில் 40 ஏக்கர், விற்கக்கூடாத வீட்டுநிலம். இத்தனை நிலம் கைமாற வேண்டியிருந்ததால், பதிவும் மிகக் கவனமாக நடந்தது. அந்த ஆணையம் எழுதிய பாட்டியின் பதிவு அட்டையை நான் முதன்முதலில் பார்த்தபோது திகைத்துப்போனேன். வயது 18. தந்தை பெயர், தாய் பெயர், இருவரில் யார் உயிரோடு இல்லை என்ற குறிப்பு, 1880ஆம் ஆண்டுச் செரோக்கிப் பட்டியலில் அவர்களுடைய எண், 1896ஆம் ஆண்டுப் பட்டியலில் இவருடைய எண், ரத்தப் பங்கு (முன்னோர் வழியில் எத்தனை பங்கு செரோக்கி என்ற கணக்கு) ½. சாய்ந்த, அழகான கையெழுத்து. ஒரு கட்டமும் காலியாக இல்லை.

பிறகு அவருடைய இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. ஓக்லஹோமாவில் இறந்து 50 ஆண்டுகள் கடந்தவர்களின் சான்றிதழ் பொது ஆவணமாகிவிடுகிறது. முன்பே தெரிந்திருந்தால் முதல் நாளே வாங்கியிருப்பேன். 1943, மார்ச் மாதம். தகவல் தந்தவர்: மருத்துவமனைப் பதிவேடு. தந்தை பெயர்: தெரியாது. தாய் பெயர்: தெரியாது. பிறந்த இடம்: தெரியாது. இனம்: வெள்ளையர். நான் இரண்டு காகிதங்களையும் சமையலறை மேசைமீது அருகருகே வைத்துப் பார்த்தேன். நிலம் பிரிக்கும்போது பெற்றோர் வரை எழுதி வைத்தவர்கள், 25 ஆண்டுகளுக்கு மேல் தங்கள் கூரையின் கீழ் வைத்திருந்தவரைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று எழுதிவிட்டார்கள். 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் இதே கதைதான். அந்த ஆண்டில் பூர்வகுடிகளுக்கு மட்டும், பெற்றோர் பிறந்த இடத்தைக் கேட்கும் கட்டங்களில் ரத்தக் கலப்பையும் இனக்குழுவையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். கணக்கெடுக்க வந்தவர் பாட்டியை வெள்ளையர் என்று எழுதிவிட்டதால், செரோக்கி என்ற சொல் அந்தப் பக்கத்தில் ஏற வழியே இல்லாமல் போயிற்று. பூர்வகுடி என்று வடிகட்டித் தேடினால் அவர் கிடைக்கவே மாட்டார்; இதே தேடலில் இருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடைப்பட்ட காலத்தைத் தந்தது கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்தின் பாதுகாவலர் கோப்பு. 1908 மே 27ஆம் நாள் சட்டம், ரத்தப் பங்கு பாதிக்குக் குறைந்தவர்களின் நிலத்துக்கு இருந்த விற்பனைத் தடையை முழுவதும் நீக்கியது. பாட்டியைப் போன்றவர்களுக்கு வீட்டுநிலம் போக மற்றது விற்பனைக்குத் திறந்துவிடப்பட்டது. சிறுவர்கள், "தகுதியற்றவர்கள்" ஆகியோரின் சொத்து கவுண்டி நீதிமன்றங்களின் கைக்குப் போயிற்று. அந்த அதிகாரத்தை வைத்து நடந்த கொள்ளையை, யாங்க்டன் சியூ இனத்தவரான கெர்ட்ரூட் பானின் உள்ளிட்ட மூவர் நேரில் வந்து விசாரித்து 1924இல் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். எங்கள் கோப்பு மிகச் சிறியது, 31 தாள்கள். 1917இல், மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு உறங்காமலும் பேசாமலும் இருந்தார் என்று ஒருவர் கொடுத்த மனு முதல் தாள். அதே மனிதர் ஐந்து வாரங்களில் அவருடைய சொத்துக்குப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டது ஆறாவது தாள். பிறகு ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கு. மேய்ச்சல் நிலக் குத்தகை வரவு; வழக்கறிஞர் செலவு; பாதுகாவலர் ஊதியம். 1921ஆம் ஆண்டுக் கணக்கின் கடைசியில் "நோயாளிக்கு ஒரு ஜோடி காலணி, ஒரு சீப்பு" என்றிருந்தது. பதினொரு ஆண்டுக் கணக்குகளில் அவர் உடம்பைத் தொட்ட பொருள்கள் இவை இரண்டுதான். 1928இல் நிலம் முழுவதும் போய்விட்டது. கோப்பும் அதோடு முடிந்துவிட்டது.

அவர் நோயில்லாமலே அடைக்கப்பட்டார் என்று நான் வாதிடப்போவதில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய் உண்மையானது, கொடியது. அவருக்கு உதவி தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அத்தகைய நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில் தணிகிறது. அவர் 26 ஆண்டுகள் உள்ளே இருந்தார். ஏன் ஒருவரும் அழைத்துவரவில்லை என்ற கேள்வியை மாமியார் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சூ ஃபால்ஸ், தெற்கு டக்கோட்டாவிலிருந்து:

அன்புள்ள அக்கா, நீங்கள் தொடக்கத்தில் உங்கள் பாட்டி கேன்டனுக்கு அனுப்பப்பட்டிருப்பாரோ என்று ஐயப்பட்டு என்னிடம் கேட்டீர்கள். நான் சென்று பார்த்ததை இங்கே எழுதுகிறேன். நான் இங்கே செவிலியராக இருக்கிறேன். கேன்டன் எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணம்.

பூர்வகுடிகளுக்கென்றே மத்திய அரசு நடத்திய மனநலக் காப்பகம் அங்கே இருந்தது. முதல் நோயாளி வந்தது 1902 டிசம்பர் 31 அன்று. நாடெங்கும் பல இனக்குழுக்களைச் சேர்ந்தவர்களை அங்கே கொண்டுவந்தார்கள். உங்கள் பாட்டிக்காவது நீதிமன்றத்தில் ஒரு மனு இருந்தது. இங்கே அதுவும் தேவைப்படவில்லை. பூர்வகுடிப் பகுதியின் அரசு முகவர் எழுதி, வாஷிங்டன் அலுவலகம் ஒப்புக்கொண்டால் போதும். ஹாரி ஹம்மர் என்ற மருத்துவர் 1908 முதல் 1933 வரை இதன் கண்காணிப்பாளராக இருந்தார். 1929இல் வாஷிங்டன் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையிலிருந்து ஆய்வுக்கு வந்த மருத்துவர் சாமுவேல் சில்க், பூட்டிய அறைகளையும் விலங்கிடப்பட்டவர்களையும் நிரம்பி வழிந்த மலப்பாத்திரங்களையும் பார்த்து எழுதினார்; 1933இல் மீண்டும் வந்தபோது அங்கிருந்தவர்களில் பலரிடம் மனநோய்க்கான அறிகுறியே இல்லை என்று பதிவு செய்தார். பூர்வகுடி விவகார ஆணையர் ஜான் காலியர் 1934இல் அதை மூடினார்; எஞ்சியவர்களைச் செயின்ட் எலிசபெத்ஸுக்கு மாற்றினார்கள்.

கட்டடங்கள் இப்போது இல்லை. அந்த இடம் கோல்ஃப் மைதானமாகிவிட்டது. நான்காவது, ஐந்தாவது ஆட்டப்பாதைகளுக்கு நடுவே வேலி கட்டிய புல்வெளியில் 121 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. தனித்தனி நடுகல் கிடையாது. எல்லாப் பெயர்களையும் ஒரே பலகையில் பொறித்து நிறுத்தியிருக்கிறார்கள். நான் விரலை வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். உங்கள் பாட்டியின் பெயர் இல்லை. அந்த நேரத்தில் ஒரு லகோட்டா அம்மையார் வந்து, சிவப்புத் துணியில் முடிந்த புகையிலையை வேலிக் கம்பியில் கட்டினார். பலகையில் இருந்த ஒரு பெயரைத் தொட்டு, தம் தாத்தாவின் அண்ணன் என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கன்சாஸ் சிட்டியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், தம் கொள்ளுப்பாட்டி மகனை வீட்டுக்கு அனுப்புமாறு கேட்டுக் கண்காணிப்பாளருக்கு எழுதுவித்த கடிதம் இருந்ததாம். அவருக்கு எழுதத் தெரியாததால் கடைசியில் கட்டைவிரல் ரேகை வைத்திருந்தாராம். அக்கா, உங்கள் பாட்டிக்கு உடன்பிறந்தவர் யாராவது இருந்தார்களா என்று பாருங்கள். வீட்டிலிருந்து கேட்டவர் ஒருவராவது எங்காவது தாளில் இருப்பார்.

மீண்டும் டல்சாவிலிருந்து:

தம்பி, நீங்கள் சொன்னபடியே தேடினேன். கிடைத்தது.

1906இல் மத்திய அரசுக்கு எதிரான வழக்கில் கிழக்குச் செரோக்கிகளின் (வெளியேற்றத்துக்கு முன் கிழக்கில் வாழ்ந்தவர்களின்) வழிவந்தவர்களுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பானது. அதைப் பகிர்ந்தளிக்கக் கயான் மில்லர் என்ற ஆணையர் விண்ணப்பங்கள் வாங்கினார். தம் செரோக்கிப் பெயர், பெற்றோர் பெயர், தாத்தா பாட்டி பெயர், உடன்பிறந்தவர் பெயர் என எல்லாவற்றையும் அதில் எழுதவேண்டும். பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறார். 1907இல் அவர் கொடுத்த விண்ணப்பத்தில் தங்கையின் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது: ஆங்கிலத்தில் ஒன்று; அதன் கீழே, செக்வோயா 1821இல் முடித்துத் தந்த செரோக்கி எழுத்தில், அண்ணன் தம் கையாலேயே எழுதிய நான்கு எழுத்துகள். அந்தப் பெயரை வைத்துப் பாதுகாவலர் கோப்பை மறுபடியும் புரட்டினேன். 14ஆம் தாளின் பின்பக்கத்தில், நான் முன்பு கறை என்று நினைத்துத் தள்ளிவிட்ட இடத்தில், அதே கையெழுத்தில் அதே நான்கு எழுத்துகளும் அவற்றையடுத்து ஒரு வரியும் இருந்தன. நீதிமன்றத்தில் யாரும் அதை மொழிபெயர்த்ததாகத் தெரியவில்லை.

போன மாதம் மாமியாரை அழைத்துக்கொண்டு டாலக்வாவுக்குப் போனேன். அந்த மூத்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை முகத்தருகே வைத்துப் படித்தார். முதலில் பெயரை உரக்கச் சொன்னார். மாமியார் அதைத் திரும்பச் சொல்ல முயன்றார். மூன்றாம் முறை சரியாக வந்தது. அடுத்த வரிக்கு, "இவளை என்னிடம் கொடுங்கள், என் வீட்டில் இடம் இருக்கிறது" என்பது பொருள். பிறகு அவர், "உங்கள் குலம் எது?" என்று மாமியாரிடம் கேட்டார். செரோக்கிகளுக்கு ஏழு குலங்கள். குலம் தாயிடமிருந்தே வரும். டாவ்ஸ் அட்டையில் ரத்தப் பங்கு இருக்கிறது, குலம் இல்லை. ஆறு வயதில் தாயைப் பிரிந்த மகள் தன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவும் இல்லை. மாமியார் தெரியாது என்று தலையசைத்தார்.

அண்ணனின் வழியில் வந்தவர்கள் யாரேனும் இருந்தால், அவருடைய தாயின் குலம் இன்னதென்று நினைவில் வைத்திருக்கக்கூடும் என்றார் அந்தப் பெண்மணி. அண்ணனுக்கு ஒரு மகளும் இரண்டு மகன்களும் இருந்ததாக அட்டைகளில் கண்டுபிடித்துவிட்டோம். மகளின் பேத்தி ஒருவர் ஸ்டில்வெல் பக்கம் இருக்கிறார். மாமியார் அவருக்குக் கடிதம் எழுதி, பாட்டியின் பெயரை அந்த நான்கு எழுத்துகளிலேயே மேலே வரைந்து, சென்ற வியாழக்கிழமை தபாலில் சேர்த்தார்.