ஹோர்முஸ் அடைபட்டால் 1.99 நிலைக்குமா? பூடி95 பற்றி ஒரு விவாதம்

செந்தூல்காரன் (கோலாலம்பூர், 4 அக்டோபர் 2025)
2025 செப்டம்பர் 30 முதல், பூடி95 என்ற அரசு மானியத் திட்டத்தில், ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்), மைகாட் என்ற அடையாள அட்டையைச் செருகினால் மட்டும், மாதம் 300 லிட்டர் வரை. இல்லாவிட்டால் தொடக்க விலை 2.60. முன்பு எல்லாருக்கும் 2.05 ஆக இருந்தது. ஆறு காசு குறைந்துவிட்டது என்று மகிழ்கிறவர்களைக் கேட்கிறேன்: நாம் எண்ணெய் எடுக்கிற நாடுதானே? 1974 பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் அந்த வளம் முழுவதையும் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸிடம் ஒப்படைத்தது. ஈரானும் இஸ்ரேலும் அடித்துக்கொண்டால் செந்தூலில் ஏன் விலை ஏற வேண்டும்? எடுக்கிற செலவு, சுத்திகரிப்புச் செலவு, நிலையக்காரர் பங்கு, அவ்வளவுதான் விலையாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த 300 லிட்டர் வரம்பு மானியத்தையே எடுப்பதற்கு முதல் படி. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 2.15லிருந்து 3.35க்குப் போனதை மறக்க வேண்டாம்.

பிறைவாசி (பினாங்கு)
அண்ணே, நம் கடலில் எடுக்கும் டாப்பிஸ் கந்தகம் குறைந்த, இலேசான கச்சா எண்ணெய். சந்தையில் நல்ல விலை. அதை விற்றுவிட்டு மலிவான, கந்தகம் கூடிய எண்ணெயை வாங்கிச் சுத்திகரிக்கிறோம். ஜொகூரில் உள்ள பெங்கெராங் சுத்திகரிப்பு ஆலையின் கொள்ளளவு நாளுக்கு 3 லட்சம் பீப்பாய், பாதிப் பங்கு சவூதி அராம்கோவுடையது. சவூதியின் ராஸ் தனூரா துறைமுகத்தில் ஏற்றும் கப்பல், பாரசீக வளைகுடாவின் வாயான ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டாமல் வெளியே வர முடியாது.

மாற்று வழி இருக்கிறதே என்பீர்கள். சவூதியின் யான்பு குழாய் நாளுக்கு 70 லட்சம் பீப்பாய் வரை, அமீரகத்தின் ஃபுஜைரா குழாய் 15 லட்சம். ஹோர்முஸ் வழியே 2024ல் போனது நாளுக்குச் சுமார் 2 கோடி. இரண்டு குழாயும் நிரம்பி ஓடினாலும் அதில் பாதிகூட ஆகாது. அதிலும் யான்பு இருப்பது செங்கடலில். அங்கிருந்து ஆசியாவுக்கு நேர்வழி பாப் எல் மண்டெப் நீரிணை. 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கிய கடல் அது.

விலைக் கணக்கையும் பாருங்கள். 1983லிருந்து இருக்கும் தானியங்கி விலை முறை, சிங்கப்பூரில் சுத்திகரித்த பெட்ரோல் விற்கும் விலையின் சராசரியை எடுத்து அதன்மேல் செலவையும் பங்கையும் ஏற்றுகிறது. ஒரு பீப்பாய் 159 லிட்டர். டாலர் 4.20 வெள்ளி என்று வைத்தால், பீப்பாய்க்கு 10 டாலர் ஏறும்போது லிட்டருக்கு 26 காசு ஏறும். 30 டாலர் ஏறினால் 79 காசு. 2.60 என்பது 3.39 ஆகிவிடும். அப்போதும் 1.99ஐப் பிடித்து வைத்தால், லிட்டருக்கு அரசு போடுவது 61 காசிலிருந்து 1.40 வெள்ளியாகும்.

செந்தூல்காரன்
விலை ஏறினால் பெட்ரோனாஸ் வருமானமும் ஏறுமே தம்பி, அந்தப் பக்கத்தை ஏன் விடுகிறீர்கள்? 2022ல் அரசுக்கு 50 பில்லியன் வெள்ளி ஈவு கொடுத்தது. ஒரு கையில் வந்ததை மறு கையில் மக்களுக்குக் கொடுக்கச் சொல்கிறோம். ஹோர்முஸ் பயமும் மிகை. 2025 ஜூன் 13 அன்று ஈரான்மீது இஸ்ரேல் தாக்குதலைத் தொடங்கியதும் பிரெண்ட் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய 7 விழுக்காடு ஏறியது. 22ஆம் தேதி ஈரான் நாடாளுமன்றம் நீரிணையை மூட ஒப்புதல் கொடுத்தது. 24ஆம் தேதி விலை 70 டாலருக்குக் கீழே. அந்தத் தடவை கடைசிவரை யாரும் மூடவில்லை.

பிறைவாசி
அதே 2022 ஜூனில் நிதியமைச்சு சொன்ன கணக்கு, அந்த ஆண்டின் மொத்த மானியம் 77.3 பில்லியனைத் தொடும் என்பது. 50 வந்து 77 போனால் எந்தக் கையில் மிச்சம்? 2024ல் ஈவு 32 பில்லியனுக்கு இறங்கிவிட்டது. சபா, சரவாக் கடலில் எடுக்கும் எண்ணெய்க்கு அந்த மாநிலங்களுக்குக் கிடைக்கும் உரிமத்தொகை 5 விழுக்காடு. "நம் எண்ணெய்" என்று நாம் இங்கே பேசுவது அவர்கள் காதில் எப்படி விழும் என்றும் நினைத்துப் பாருங்கள்.

பாகான்_செல்வி
ஹோர்முஸை விட்டு எண்ணெய் நிலையத்துக்கு வாருங்கள். வரம்பு வண்டிக்கு இல்லை, வருமானத்துக்கும் இல்லை. லைசென்ஸ் உள்ள ஆளுக்கு. ஒரே வீட்டில் நாலு லைசென்ஸ், நாலு கார் என்றால் 1,200 லிட்டர், அதாவது மாதம் 732 வெள்ளி மானியம். கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர் டாங்கி. வாரம் இரண்டு தடவை நிரப்பினால் மாதம் சுமார் 35 லிட்டர், 21 வெள்ளி. லைசென்ஸ் இல்லாமல் பஸ்ஸில் போகிற பாட்டிக்குச் சுழியம். பயன்படுத்தாத லிட்டர் அடுத்த மாதத்துக்கும் வராது.

முறை தெரியாமல் ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் மைகாட் சரிபார்ப்பு, பிறகு பணம், அதன் பிறகுதான் எண்ணெய். பணப்பையில் வளைந்து கீறல் விழுந்த சிப்பை இயந்திரம் படிக்காது. உலர்ந்த துணியால் துடைத்து ஒரு தடவை முயலலாம். அப்படியும் படிக்கவில்லை என்றால் செத்தெல், கால்டெக்ஸ்கோ மாதிரிச் செயலிகள், அதற்கும் வழியில்லாதவர்கள் தேசியப் பதிவு இலாகாவில் மாற்று அட்டை எடுக்க வேண்டும். செயலி வைத்துக்கொள்ளத் தெரியாத வயசாளிகளைத்தான் இது அதிகம் தடுக்கும். இன்னொன்று, அட்டையை இயந்திரத்திலேயே விட்டுவிட்டு வண்டியை எடுக்காதீர்கள்.

ஜெலுத்தோங்_கரண்ட்
பெட்ரோலை மட்டுமே பேசுகிறீர்கள். தீபகற்பத்து மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி, மஞ்சோங், தஞ்சோங் பின் மின் நிலையங்களில் எரிவது கப்பலில் வரும் கரி. அடுத்தது எரிவாயு, பிறை நிலையம் மட்டுமே 1,071 மெகாவாட். ஜூலை 2025 முதல் எரிபொருள் விலை மாற்றம் மாதாமாதம் கரண்ட் பில்லில் வருகிறது. 600 யூனிட்டுக்குள் இருந்தால் அந்தச் சரிக்கட்டு கிடையாது. யூனிட்டுக்கு 3 காசுக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் அமைச்சரவை ஒப்புதல் வேண்டும். பெட்ரோலுக்கும் இப்படிப் பயன்பாட்டைப் பார்த்துப் படி வைத்தால் என்ன? முதல் 100 லிட்டர் 1.99, அதற்கு மேல் சந்தை விலை.

செந்தூல்காரன்
செல்வி சொன்ன நாலு கார் வீட்டுக் கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 100 லிட்டர் போதாது. ரவாங்கிலிருந்து ஷா ஆலாமுக்குத் தினம் போய் வருகிறவருக்கு, 1.5 லிட்டர் காரே நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும். 80 கிலோமீட்டர் வீதம் 26 நாள் என்றால் சுமார் 146 லிட்டர் ஆகிவிடும். வேலை பக்கத்தில் கிடைக்காதது அவர் குற்றமா?

பிறைவாசி
அவருக்கு 150 வையுங்கள், நான் எதிர்க்கவில்லை. மேலே உள்ள 150 லிட்டருக்கு ஆளுக்கு மாதம் 91 வெள்ளி மிச்சம். கோலாலம்பூரின் ரேப்பிட் கேஎல் பஸ், ரயிலில் மாதம் முழுக்க ஓட மை50 பாஸ் 50 வெள்ளிதான். அந்தப் பணத்தைப் பஸ்ஸில் போடச் சொல்கிறேன்.

செந்தூல்காரன்
மை50 உங்கள் ஊரில் எத்தனை தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) உதவும்? பஸ் முதலில் வரட்டும் தம்பி, பத்து நிமிடத்துக்கு ஒன்று, தாமான் வாசல்வரை. அது வந்த மாதம் 150க்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். வரும்வரை 300லிருந்து ஒரு லிட்டர்கூடக் குறைக்க விடமாட்டேன்.