நடுச்சக்கரம் அந்தரத்துல தொங்குது, இதுக்குப் பேரு அசலா?

சிப்புட் சிங்கம்: லெகோ பொம்மைக் கட்டியில நான் கட்டின மலாயா ரயில்வே 20 ரக டீசல் இஞ்சின் ஓடுது, வீடியோ பாருங்க. அசல் இஞ்சினுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் காட்டுங்க பார்ப்போம். சுங்கை சிப்புட்ல இப்படிக் கட்ட வேற ஆளு இல்ல.

கேட்டுக்காரர் மகன்: காட்டிட்டா போச்சு. 1957-ல வந்த அந்த இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி இஞ்சினுக்கு ஒரு போகிக்கு, அதான் அடியில இருக்கற சக்கரச் சட்டத்துக்கு, மூணு அச்சு. வீடியோவ நிறுத்திப் பார்த்தேன். உங்க நடுச்சக்கரம் தண்டவாளத்தத் தொடவே இல்ல. அடியில ஒரு வெள்ளி நோட்ட நுழைச்சு எடுக்கலாம்.

சிப்புட் சிங்கம்: லெகோ ரயில் மோட்டாருக்கு இருக்கறதே ரெண்டு அச்சு. நான் என்ன, ரம்பத்தால அறுத்து ஒட்டவா?

கேட்டுக்காரர் மகன்: மோட்டார பாடிக்குள்ள தூக்கி வைங்க. பல்சக்கரம் போட்டு விசைய போகிக்கு இறக்குங்க. நடு அச்சு ரெண்டு பக்கமும் நகரணும், இல்லாட்டி விளிம்பில்லாத சக்கரம் போடுங்க. லெகோ வளைவுக்கு ஆரம் 32 செ.மீ., அதுலயும் திரும்பும். செய்யத் தெரியலன்னா ‘அசல்’னு போடாதீங்க.

பால்மரத்து மீனா: அண்ணே, அந்த இஞ்சின் ஓடினது ஒரு மீட்டர் இடைவெளி இருக்கற தண்டவாளத்துல. லெகோவுல இடைவெளி 37.5 மி.மீ., அப்போ கணக்கு ஏறக்குறைய 1:27. இவரு பாடி எட்டுக் குமிழ் அகலம், 64 மி.மீ. பெருக்கினா இஞ்சின் அகலம் 1.7 மீட்டர்தான். டிரைவர் தொப்பைய வெளியில விட்டுட்டா ஓட்டுவாரு?

கேட்டுக்காரர் மகன்: தங்கச்சி, அகலம் அப்புறம். நடுச்சக்கரத்துக்குப் பதில் வரட்டும்.

சிப்புட் சிங்கம்: போன தீபாவளிக்கு மண்டபத்துல யாரோட ரயில் மேசைய விட்டுக் குதிச்சதுன்னு ஊருக்கே தெரியும். அந்தக் கடுப்புதான் இங்க வந்து சக்கரம் எண்ணுது.

கேட்டுக்காரர் மகன்: மேச கோணல். மேசைய எடுத்துப் போட்டதே நீங்கதான்! எங்கப்பா கேட்டுக் காவலரு. இஞ்சின் தாண்டறப்ப எங்க வீட்டுத் தகரமே அதிரும். ஆறு அச்சும் தரையில உருண்டதப் பார்த்து வளந்தவன்கிட்ட அஞ்சக் காட்டாதீங்க.

ஒட்டுக்கடை ராஜா: அஞ்சுகூட இல்லண்ணே, ரெண்டு போகியிலயும் தொங்குது. நாலுதான்.

கேட்டுக்காரர் மகன்: அப்படிப் போடு! நாலு!

ஒட்டுக்கடை ராஜா: போலிக் கட்டியில கட்டியிருந்தா பாதிக் காசு மிச்சம். மோட்டாருக்கு மின்சாரம் குடுக்கற ஹப்புக்கு ஆறு பேட்டரி வேற.

சிப்புட் சிங்கம்: என் பதிவுல போலிக் கட்டிப் பேச்சு எடுத்தா பிளாக் பண்ணிடுவேன்.

பால்மரத்து மீனா: 1.7 மீட்டருக்கு ஒருத்தரும் வாயத் திறக்கலியே?

கேட்டுக்காரர் மகன்: பிளாக் பண்றதுக்கு முன்னால நடுச்சக்கரம், தம்பி.