மறு: 'எமோஷனல் லேபர்' – உணர்ச்சிப்பணியா, உணர்வுழைப்பா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். காலையில் எம்ஆர்டி ரயிலில் படிப்பது, இரவு வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டிவிட்டு மறுபடி படிப்பது என்று போகிறது. சமூக ஊடகத்தில் உதவிப் பக்கங்கள் நடத்தும் தமிழ்த் தொண்டூழியர்களுக்கு இங்கே சிங்கப்பூரில் ஒரு பயிலரங்கு ஏற்பாடு செய்கிறோம். அதற்கான தாளை நான்தான் எழுதுகிறேன். 'எமோஷனல் லேபர்' என்பது வேலைக்காக உணர்வை அடக்கியோ காட்டியோ உழைப்பது. அதற்குத் தமிழில் ஒரு சொல் அமையாமல் இரண்டாம் பத்தியைத் தாண்ட முடியவில்லை.

மதுரையிலிருந்து பேராசிரியர் அம்மா எழுதியதிலிருந்து தொடங்குகிறேன்.

> 'பணி' என்பது மென்மையான சொல். 'உணர்ச்சிப்பணி' என்றே வைத்துக்கொள்ளலாமே.

அம்மா, அந்த மென்மைதான் எனக்கு இடறுகிறது. இறைப்பணி, தமிழ்ப்பணி, சமூகப்பணி என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். 'பணி' வந்தாலே கூலி கேட்பது முறையல்ல என்ற தொனியும் கூடவே வந்துவிடும். 1983இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் இந்தக் கருத்தை எழுதியபோது அவர் பார்த்தது டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை. பயணி எரிந்து விழுந்தாலும் முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது என்று அவர்களுக்குப் பயிற்சியே கொடுத்தார்கள். கடன் வசூலிப்பவர்களையும் பார்த்தார். அவர்களிடம் நிறுவனம் எதிர்பார்த்தது கடுகடுப்பு. சிரிப்பானாலும் சிடுசிடுப்பானாலும் அது சம்பளத்துக்குள் அடங்கிய சரக்கு, அதைச் செய்பவர் களைத்துப்போகிறார் என்பதுதான் அவர் சொன்னது. களைப்பு உள்ள சொல் உழைப்பு. என் சீன நண்பரைக் கேட்டேன், அவர்கள் 'சிங்ஷூ லாவ்தோங்' என்கிறார்களாம். மே தினத்தின் சீனப் பெயரில் வருவதும் அதே 'லாவ்தோங்'தான். நாம் மட்டும் ஏன் சொல்லின் சூட்டைத் தணிக்க வேண்டும்?

உணர்ச்சியா உணர்வா என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. 'உணர்ச்சி' என்றதும் 'உணர்ச்சிவசப்படுதல்' நினைவுக்கு வருகிறது. இங்கே நடப்பதோ அதற்கு நேர் எதிர், வசப்படாமல் அடக்கிவைப்பது. அதனால் 'உணர்வு'. இறுதியில் இருப்பது முற்றியலுகரம், அதாவது முழுதாக ஒலிக்கும் உகரம் ஆயிற்றே, 'உணர்வுழைப்பு' என்று புணருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 'முற்றும் அற்று ஒரோவழி', அதாவது சில இடங்களில் முற்றியலுகரமும் கெடும் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. கதவழகு வரும்போது உணர்வுழைப்பும் வரும்.

இன்னொருவர் 'கூலிக்கு மாரடித்தல்' என்ற வழக்கை எடுத்துக் கொடுத்திருந்தார். படித்தவுடன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஹோக்‌ஷில்டுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, உணர்வு கூலிக்கு விற்கப்படுகிறது என்பதைத் தமிழ் பேசுகிறவர்கள் கவனித்து ஒரு தொடரில் வைத்துவிட்டார்கள்! ஆனாலும் கலைச்சொல்லின் அடித்தளமாக இதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தொடர் யார் வாயிலிருந்து வருகிறது என்று பாருங்கள். கூலி கொடுத்து அழவைத்தவர் வாயிலிருந்து. ஒப்பாரி பாடப் போன பெண் ஒரு கலையைக் கையில் வைத்திருந்தாள். செத்தவரின் குணம், குலம், செய்த நன்மை எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பாட்டில் கோத்தாள். அழாத வீட்டையும் அழவைத்தாள். அவள் செய்தது வெறும் பொய் என்கிறது அந்த வழக்கு. நாம் தேடும் சொல் அவள் பக்கம் நிற்க வேண்டும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி. இங்கே தெம்பனிஸ் வட்டாரத்து நண்பர் கேட்டது:

> ஃபேஸ்புக்கிலோ டிக்டாக்கிலோ நமக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. சம்பளமே இல்லாததை எப்படி உழைப்பு என்பது? நம் ஊரில் 'தொண்டூழியம்' என்று அழகான சொல் இருக்கிறதே.

தொண்டூழியம் எனக்கும் பிடித்த சொல். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2020 ஏப்ரல். 'சர்க்கிட் பிரேக்கர்' என்ற கொரோனா முடக்கம் தொடங்கிய நேரம். ஊழியர் தங்கும் விடுதிகளிலிருந்து யாரும் வெளியே வர முடியாது. நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, தமிழ் பேசும் வெளிநாட்டு ஊழியர்களுக்காக ஒரு சமூக ஊடகத் தளத்தில் பக்கம் திறந்திருந்தோம். ஒருநாள் இரவு மணி இரண்டிருக்கும். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் எழுதினார்: "அக்கா, வீட்டுக்குப் பேசினா அழுதுடுவேன். அதான் ஒங்களுக்குப் போடுறேன்." அடுத்த கட்டிலில் படுத்திருந்தவரை அன்று மாலைதான் ஆம்புலன்சில் கொண்டுபோயிருந்தார்கள். 'பயப்படாதீங்க தம்பி' என்று தட்டினேன். அழித்தேன். வீட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். கடைசியில் "சாப்டீங்களா?" என்று கேட்டேன். "சோறு வந்துச்சுக்கா, எறங்கல" என்றார். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு விரல் நடுங்கியது. அது எழுத்தில் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

காலையில் திறந்து பார்த்தால் பக்கத்தின் தலையில் ஒரு பட்டை: 'மிக விரைவாகப் பதிலளிக்கும் பக்கம்'. அதற்குக் கீழே, இந்த வாரம் ஈடுபாடு இத்தனை விழுக்காடு கூடியிருக்கிறது என்று ஒரு கோட்டுப்படம், மேல்நோக்கி. அந்தத் தம்பியின் பயமும் என் தூக்கமும் அந்த விழுக்காட்டுக்குள் இருந்தன.

அந்தத் தம்பிக்கு நான் செய்தது தொண்டூழியம். அதில் சந்தேகமே இல்லை, அதற்குக் கூலி என்ற பேச்சும் இல்லை. அதே முக்கால் மணி நேரம் தளத்துக்கு என்ன? மக்கள் எங்கே அதிக நேரம் தங்குகிறார்கள், எதற்குத் திரும்பி வருகிறார்கள் என்பதைக் காட்டித்தான் விளம்பர இடம் விற்கிறார்கள். செய்தவருக்குச் சம்பளம் கிடைத்ததா என்பதை வைத்து உழைப்பைத் தீர்மானிக்கக் கூடாது. செய்ததை யாராவது விற்றார்களா என்று கேட்க வேண்டும். ஊடக ஆய்வாளர் டல்லஸ் ஸ்மைத் 1977இலேயே தொலைக்காட்சிக்கு இதைச் சொன்னார்: விளம்பரதாரருக்கு விற்கப்படும் சரக்கு, பார்வையாளரின் கவனம். இணையத்தில் பயனர் செய்வதும் கூலியில்லா உழைப்பே என்று ஆய்வாளர் டிசியானா டெர்ரனோவா 2000இல் சொன்னார். நீதிமன்றம் வரைக்கும் போன கதையும் உண்டு. ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் அரட்டை அறைகளைப் பார்த்துக்கொண்ட முன்னாள் தொண்டூழியர்கள், நாங்கள் செய்தது வேலை என்று 1999இல் வழக்குப் போட்டார்கள். இத்தனை மணி நேரம் இருக்க வேண்டும், அறிக்கை தர வேண்டும் என்றெல்லாம் அவர்களுக்கு விதி இருந்தது. பல ஆண்டு இழுத்து, 15 மில்லியன் டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

வீட்டுக்குள் நாம் ஒருவருக்கொருவர் செய்வதை ஹோக்‌ஷில்ட் இதோடு சேர்க்கவில்லை, தனியே பிரித்தார். அம்மாவின் முன் அழாமல் இருப்பது, பிள்ளையின் தேர்வு முடிவு வரும் நாளில் முகத்தைச் சமமாக வைத்துக்கொள்வது போன்றவை. அதற்கு 'உணர்வுப் பேணல்' போதும். ஒருவர் விற்காதவரை அது உழைப்பாக வேண்டாம்.

இந்த இடத்தில் 'யூசர் பார்டிசிபேஷன்' பற்றியும் ஒரு வார்த்தை. 'பயனர் பங்கேற்பு' என்று எல்லாரும் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். பங்கு ஏற்பவர் என்றால் பங்கைப் பெறுபவர் என்றும் பொருள் விரியும். தளத்தில் நாம் எந்தப் பங்கைப் பெற்றோம்? கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். கூட்டத்தில் பங்கேற்பது வேறு. தளத்தைப் பற்றி எழுதும்போது 'பயனர் பங்களிப்பு' என்பதே உள்ளதைச் சொல்கிறது.

'ரியாக்‌ஷன்' பொத்தான்களுக்கு, அதாவது பதிவுக்குக் கீழே அழுத்தும் சிறு படங்களுக்கு, ஒரு சொல் வேண்டும் என்று கோலாலம்பூர் ஐயா கேட்டிருந்தார். இதற்குத் தொல்காப்பியத்தைத் திறந்தேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை – எட்டு மெய்ப்பாடு. உள்ளத்தில் உள்ளது மெய்யில், அதாவது உடம்பில், தெரிவது மெய்ப்பாடு. 2016இல் ஃபேஸ்புக் 'லைக்' என்ற விருப்பக்குறியோடு ஐந்து முகங்களைச் சேர்த்தது. இதயம் உவகை, சிரிப்பு நகை, வாய்பிளப்பது மருட்கை, கண்ணீர் அழுகை, சிவந்த முகம் வெகுளி. ஐந்தும் அப்படியே பொருந்துகின்றன! 2017இல் இந்தக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விருப்பக்குறியைப்போல ஐந்து மடங்கு எடை கொடுத்துத்தான் எந்தப் பதிவு மேலே வரும் என்று கணக்கிட்டார்கள் என்பது 2021இல் வெளிவந்த உள் ஆவணங்களில் தெரிந்தது. வெகுளிக்கும் அதே எடை. மெய்ப்பாட்டை எண்ணி எடைபோட்டிருக்கிறார்கள் என்பதால், 'மெய்ப்பாட்டுக்குறி' என்ற பெயர் இதற்குத் தகும் என்று நினைக்கிறேன். திரையில் உடம்பு ஏது என்று கேட்டால், கட்டைவிரல் இருக்கிறது.

எட்டில் விடுபட்டவற்றை எண்ணிப் பார்த்தபோது சிறிது நேரம் எழுதாமல் இருந்துவிட்டேன். இளிவரலும் பெருமிதமும் இல்லை. அச்சம் இல்லை. 2020இல் கொரோனாக் காலத்துக்கென்று இதயத்தை அணைத்துக்கொள்ளும் முகம் ஒன்று வந்தது. அது ஆறுதல் சொல்பவருக்கான குறி. பயந்தவர் அழுத்த அன்றைக்கும் ஒரு குறி இல்லை. அந்தத் தம்பி அதை எழுத்தில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

'சர்ஃபேஸ் ஆக்டிங்', 'டீப் ஆக்டிங்' என்று ஹோக்‌ஷில்ட் பிரித்த இரண்டுக்கும் அதிகம் தேட வேண்டாம். முகநக நட்பது, அகநக நட்பது என்று குறளில் இருக்கிற பிரிவை எடுத்து முகநடிப்பு, அகநடிப்பு என்று வைத்துவிட்டேன். முகத்தில் மட்டும் சிரிப்பது முன்னது. சிரிப்பு வரும்படி மனத்தையே திருப்பிக்கொள்வது பின்னது.

நேற்று தாளின் படியை அந்தத் தம்பிக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டேன். இப்போது இங்கே துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை செய்கிறார். உணர்வுழைப்பு என்ற சொல்லுக்கு விளக்கமே கேட்கவில்லை. "அப்ப அன்னிக்கு எனக்காக ஒழச்சீங்களாக்கா?" என்றுதான் கேட்டார். "ஒங்களுக்காக இல்ல தம்பி, ஒங்ககூடப் பேசிட்டுத்தான் இருந்தேன்" என்றேன். மெய்ப்பாட்டுக்குறி மட்டும் அவருக்கு ஒட்டவில்லை. "மொகக்குறின்னு சொன்னா போதாதாக்கா?" என்கிறார்.

முகக்குறி எளிதாக இருக்கிறது, விருப்பக்குறியோடு ஓசையும் சேர்கிறது. ஆனால் எட்டில் மூன்று இல்லை என்பதை மெய்ப்பாடு என்ற சொல்தான் எனக்குக் காட்டியது. தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்த இரண்டில் எது என்று வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து