ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுடன் வல்லநாட்டு முள்காட்டுக்குப் போகிறோம்: அங்கே எதைக் காட்டுவது?

பாளை ஆசிரியை (கேள்வி)

ஆசிரியர் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைக்கு அருகில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பொங்கல் விடுமுறை முடிந்ததும் 36 பிள்ளைகளை வல்லநாடு வெளிமான் சரணாலயத்துக்கு ஒரு நாள் களப்பயணமாக அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். வனத்துறையிடம் அனுமதிக் கடிதம் கொடுத்தாயிற்று, வேனும் பேசியாயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே இடத்துக்குப் போய் வந்தது எனக்கு நிறைவளிக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வெயில் ஏறிவிட்டதால் ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை. அச்சடித்துக் கொண்டுபோன வினாத்தாளைப் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி முடித்தார்கள். திரும்பும்போது ஒரு சிறுமி, "டீச்சர், இங்க ஒண்ணுமே இல்லையே" என்றாள். அவள் சொன்னது அன்று முழுவதும் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. மான் தென்படாவிட்டாலும் அந்த நிலத்தைப் புவியியல் பாடமாகப் பிள்ளைகள் கண்ணால் கண்டு புரிந்துகொள்ள என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

நாங்குநேரிப் பெற்றோர்

பிள்ளைகள் ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துச் செல்லலாமே, டீச்சர். ஜனவரியில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே வந்து அமர்ந்திருக்கும். தேடி அலைய வேண்டியதில்லை.

அம்பை ஓய்வாசிரியர்

கூந்தன்குளம் அருமையான இடம்தான். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நில அமைப்பைக் கற்பிக்க வல்லநாட்டைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை என்பது முப்பது ஆண்டுகள் பிள்ளைகளோடு அலைந்த என் எண்ணம். அந்தச் சிறுமி சொன்னதை வைத்தே பாடத்தைத் தொடங்கலாம், அம்மா. "இங்கே ஏன் ஒன்றும் இல்லை? இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஆற்றங்கரையில் நெல்லும் வாழையும் இருக்கும்போது இங்கே மட்டும் ஏன் முள்ளாக நிற்கிறது?" இந்த ஒரே கேள்வியோடு பயணத்தை ஆரம்பியுங்கள், வினாத்தாளே தேவைப்படாது.

அதற்கு முதலில் காட்டுக்குப் போகாமல், வழியில் முறப்பநாட்டில் இறங்குங்கள். மேற்கே பொதிகையில் பிறந்து கிழக்கு நோக்கிக் கடலுக்குப் போகும் தாமிரபரணி அங்கே தெற்கிலிருந்து வடக்காகத் திரும்பி ஓடுகிறது. பிள்ளைகள் கையில் ஒரு திசைகாட்டியைக் கொடுத்து, எந்தத் திசையில் ஓடுகிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். படித்துறையின் மேற்படியில் நின்று பார்த்தாலே போதும்.

பிறகு மழையைப் பற்றிப் பேசலாம். ஆனி, ஆடியில் கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவும் உச்சியும் வாங்கிக்கொள்கின்றன. பாளையங்கோட்டைக்கு வந்து சேர்வது காற்று மட்டும்தான். அந்தக் காற்றைப் பிள்ளைகள் நன்றாகவே அறிவார்கள். ஆனால் மலையில் பெய்த அந்த மழை ஆறாக இறங்கி வந்துவிடுவதால், ஆற்றுப் பாசனத்தில் கார் என்னும் முதல் பருவ நெல் சாகுபடி நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு பிசானம் என்னும் அடுத்த நெல் பருவம் தொடங்குகிறது. இந்த இரண்டு சொற்களையும் வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வரச் சொன்னால், பாதிப் பாடம் வீட்டிலேயே முடிந்துவிடும்.

கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றில் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களில் தண்ணீர் சரிவைப் பிடித்துத்தான் ஓடுகிறது, மேட்டுக்கு ஏறாது. வல்லநாட்டுக் குன்றும் அதைச் சுற்றிய பாறை நிலமும் மேடு. ஆறு பக்கத்திலேயே ஓடினாலும், அந்த நிலம் வானத்தைப் பார்த்துத்தான் பிழைக்க வேண்டும். காலையில் வயலையும் அடுத்த அரை மணி நேரத்தில் முள்காட்டையும் பார்க்கும் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அது தானாகச் சொல்லும்.

வல்லநாட்டுக்காரர்

அண்ணாச்சி சொன்னதோடு காட்டுக்குள் பார்க்க வேண்டியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரணாலயம் 1987-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுதான் என்பதைப் பிள்ளைகளிடம் பெருமையாகவே சொல்லலாம்.

மானைக் காண வேண்டுமானால் காலை ஏழு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். அப்படியானால் முறப்பநாட்டைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளலாம். மான் வராவிட்டாலும் அதன் தடயம் இருக்கும். கிடா மான் தன் எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். அந்தக் குவியலைச் சுற்றி உட்கார வைத்து, பழையது எது, புதியது எது என்று நிறத்தையும் ஈரத்தையும் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கையால் தொட வேண்டாம்.

உடைமரத்துக்கு அடியில் சற்று நேரம் நிறுத்துங்கள். அதன் தலை குடையை விரித்ததுபோல் தட்டையாக இருக்கும். கிளையை உற்றுப் பார்த்தால் நீளமான வெள்ளை முள்ளும், கொக்கிபோல் வளைந்த குட்டை முள்ளும் கலந்திருப்பது தெரியும். இலைகளோ பொடிப் பொடியானவை. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மரம் அது. பக்கத்திலேயே சீமைக்கருவேலமும் நிற்கும். அது 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. எது நம் மண்ணின் மரம், எது வந்த மரம் என்று ஊர்ப் பிள்ளைகளே பிரித்துக் காட்டுவார்கள்.

மெல்லிய ரப்பர் செருப்போடு ஒருவரையும் கூட்டி வராதீர்கள். என் மகனுக்கு ஐந்து வயதில் உடைமுள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறி, நுனி உள்ளேயே ஒடிந்து, மருத்துவமனைக்குப் போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது. கெட்டியான ஷூ இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஏற்பாடு செய்து கொடுங்கள். அதற்காக யாரையும் பயணத்திலிருந்து நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளேயிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. மண் மாதிரி வேண்டுமானால் பள்ளி மைதானத்திலிருந்தும் வயல் வரப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

அம்பை ஓய்வாசிரியர்

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பைச் சமதரையில் நட்டு, நிழலின் நுனியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூழாங்கல் வைத்துக் குறியுங்கள். ஜனவரி நடுவில் நம் பகுதியில் நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கு அல்ல, 12.30 ஒட்டித்தான். நம் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, நாம் அதற்கு மேற்கே இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்; நமக்கு நண்பகல் தாமதமாகவே வரும். அப்போது நிழல் ஏறத்தாழ 60 செ.மீ. இருக்கும், அது காட்டும் திசை வடக்கு. அதே கம்பை ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் பள்ளி மைதானத்தில் நட்டுப் பாருங்கள். நண்பகலில் நிழலே இருக்காது.

பாளை ஆசிரியை

மிக்க நன்றி, ஐயா. வல்லநாட்டு அண்ணனுக்கும் நன்றி. விடியற்காலை ஆறு மணிக்கே கிளம்பி முதலில் காடு, திரும்பும்போது முறப்பநாடு என்று மாற்றிவிட்டேன். நிழல் அளப்பதையும் அங்கேயே வைத்துக்கொள்கிறோம். ஆறு குழுக்களுக்கு ஆறு கம்புகளை இன்றே அளந்து வெட்டச் சொல்லியிருக்கிறேன். வினாத்தாள் அச்சடிக்கவில்லை. "இங்கே ஏன் ஒன்றும் இல்லை?" என்பதை மட்டும் ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதி வரச் சொல்லப்போகிறேன். ஷூ இல்லாதவர்கள் ஒன்பது பேர். அதற்குத் தலைமையாசிரியரிடம் நாளை பேசுகிறேன்.